பூசணிக்குத் தைத்த சட்டை

பூசணிக்காய்க்குச் சட்டை தைத்த தையல்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பொழுது போகாமல் ஒன்றும் தைக்கவில்லை. அவள் புருஷனுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்காக முதுகில் டேங்க்கைச் சுமந்து, வாயில் ஒரு துணிகூடக் கட்டாமல் பூச்சிமருந்து அடித்த மனுஷன். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. இனி மருந்து வாடையே ஆகாது, அப்புறம் ஆளைப் பார்க்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் மருந்து அடிக்காவிட்டால் அவர்கள் வயல் பூசணியைப் பழ ஈ சும்மா விடுமா? பிஞ்சைக் குத்தி முட்டை வைத்துவிட்டுப் போகும், உள்ளே புழு நெளியும்.

"ஈ உக்கார இடமே இல்லாம காயை மூடிட்டா என்னங்க?" என்றாள் ஒருநாள்.

துண்டுத்துணிக்கா அவளிடம் பஞ்சம்? உறையின் வாய்ப்பக்கம் கட்டுவதற்கு நாடா கோத்துத் தைத்துக் குவித்தாள். அடுத்த வயல்காரன் வேலியோரம் நின்று, "சட்டை சரி, பித்தான் வைக்கலையாக்கா?" என்று கேலி செய்தான். "உனக்கும் ஒண்ணு தச்சுத் தரேன், வாய்க்குப் போட்டுக்க" என்றாள் இவள்.

பூ வாடினதுமே கட்டிவிட வேண்டும் என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் பார்த்தா பிஞ்சு இறங்க வேண்டும்! இவளோ வளர்கிற பிள்ளைக்குத் தைப்பதுபோல் தாராளமாகத் தைத்து வைத்திருந்தாள். குட்டிப் பிஞ்சில் உறை நிற்காமல் நழுவியது. சின்னதாக இன்னொன்று தைத்தால் துணி தண்டம், வேலையும் இரட்டிப்பு. அளவு வரட்டும் என்று காய் கைக்குள் அடங்கும் பருமன் ஆகும்வரை விட்டுவைத்தாள். அதன்பிறகு கட்டினாள், இரட்டை முடிச்சாக. அவிழ்த்தால் ஈ நுழைந்துவிடும் என்ற பயத்தில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

காய் அறுக்கும் நேரம் வந்ததும் இருவருமாக வயலுக்குப் போனார்கள். முதல் உறையை அவிழ்த்தாள். காய் மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. புருஷன் கட்டைவிரலால் அமுக்கினான். விரல் உள்ளே போய்விட்டது, கூடவே புழு கொட்டியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த உறையில் கூழ்தான் இருந்தது. மிச்ச முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். எந்த உறையிலும் ஓட்டை இல்லை, ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.

"பூ வாடுனப்பவே கட்டினதானே?" என்று கேட்டான்.

"இல்லங்க. உறை நிக்கல. கொஞ்சம் பெருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கட்டுவதற்கு முன்பே ஈ வந்து போயிருக்கிறது. அதன் குஞ்சுகளைத்தான் இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"விடு. பின்னால போட்ட கொடியில இப்பதான் பூ விடுது. அதையாவது காப்பாத்தணும். இல்லன்னா அடுப்பு எரியாது" என்று மருந்து கலக்க எழுந்தான்.

"சின்னதா வேற தச்சுடுறேங்க."

"நீ தச்சு முடிக்கிறதுக்குள்ள குத்திடும்."

"அப்ப நான் அடிக்கிறேன்."

"வேணாம். வீட்டுக்கு ஒரு நெஞ்சு கெட்டது போதும். என்னோடது போனது போனதுதான்."

மாட்டேன் என்று அவன் மருந்து கலந்து நிரப்பிய டேங்க்கைப் பிடித்துக்கொண்டாள். அவன் பிடுங்கித் தனியாகத் தூக்கப் பார்த்தான். முடியாமல் மண்டியிட்டு இருமினான். இருமல் அடங்கியதும் முதுகைக் குனிந்து காட்டினான்.

"தூக்கி விடும்மா."

அவள் தூக்கிவிட்டாள்.