உதட்டில் எழுதிய அக்கி

டாக்டர் அனிட்டா பரிசோதனை முடிவு வந்த உறையைப் பிரிப்பதற்குள் ஜெயசுதா மூன்று முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். பதினொன்றரை. அண்ணன் செல்லமுத்து ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு மணலூர்பேட்டையிலிருந்து காரில் கிளம்பியிருப்பான். பன்னிரண்டரைக்கு வடக்கனந்தலில், அவள் வீட்டிலேயே பஞ்சாயத்து. கூப்பிட்டவள் அவள்தான்.

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போகும் அவள் புருஷன் அய்யனார் வாரத்தில் இரண்டு நாள் மேலேயே தங்குவான். பத்து நாளைக்கு முன்னால் அவளுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி, ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிந்தது. அது எப்படி வரும் என்று செல்போனில் தேடிப் படித்ததும், மலையில் அவனுக்கு யாரோ இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். முந்தாநாள் அண்ணனிடம் அழுதும் விட்டாள். அன்றிலிருந்து அய்யனார் அவளோடு பேசவில்லை. இப்போதும் பக்கத்து நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்குக் கொப்புளம் ஈரமா இருக்கறப்பவே வந்துட்ட, நல்லதாப் போச்சு. காஞ்சி பொருக்கு தட்டிட்டா, பஞ்சுல தொட்டு எடுத்தாலும் கிருமி சரியா ஒட்டாது" என்றார் டாக்டர். "உனக்கு வந்திருக்கறது ஹெர்பிஸ். அதுல ரெண்டு வகை. ரெண்டாவது, பெரும்பாலும் கீழ வர்றது. ஒன்னாவது, பெரும்பாலும் ஒதட்டுல வர்றது. உன் பஞ்சுல இருக்கறது ஒன்னாவது."

"ஒதட்டுல வர்றது எனக்கு எப்படிங்க அங்க வரும்?"

"சொல்றேன். ரத்தத்தையும் பாப்போம். புதுக் கிருமி வந்தா ஒடம்பு அத அடையாளம் கண்டு, எதுத்து நிக்க ரத்தத்துல ஆள் சேக்கும். அதுக்குச் சில வாரம் ஆகும், சமயத்துல மூணு மாசம்கூட. உன் ரத்தத்துல இன்னும் ஆள் சேரல. அதனால இது புதுசா வந்ததாத்தான் இருக்கும். அவர் ரத்தத்துல ஒன்னாவது வகைக்கு ஆள் இருக்கு. ரெண்டாவதுக்கு இல்ல. ஏங்க, உங்களுக்கு ஒதட்டோரம் கொப்புளம் வருமா?"

அய்யனாரின் கால் நின்றது. "அது அக்கிங்க. மலையில குளிர் காய்ச்சல் வந்தா வரும். சின்ன வயசுலேர்ந்து இருக்குது. ரெண்டு வாரத்துக்கு முன்னாலகூட கொயவர்கிட்ட போயி காவியால எழுதிக்கினு வந்தேன்."

"இது அக்கி இல்ல, இந்த ஹெர்பிஸ்தான். அக்கி வேற கிருமி. இதுக்குப் பங்காளின்னு வெச்சிக்கங்க. இது ஒரு தடவ ஒட்டினா நரம்புல போய்ப் படுத்துக்கும். காய்ச்சல் வந்தா எழுந்து வரும். சரி, எழுதுனவர் என்ன பத்தியம் சொன்னார்?"

"மூணு நாளு குளிக்கக்கூடாது. புளி கூடாது, நல்லெண்ண கூடாது."

"பொண்டாட்டி?"

"அத யாருங்க சொல்றாங்க?" அய்யனார் மின்விசிறியைப் பார்த்தான். "காவி காஞ்சிட்டா அக்கி அடங்கிடும்னு..."

ஜெயசுதாவுக்கு முகம் சுட்டது. அவன் உதட்டைச் சுற்றிக் குயவர் கோழி இறகால் வரைந்த காவிச் சிங்கத்தின் வால் தாடையில் இறங்கியிருந்ததும், அதைப் பார்த்து அவள் சிரித்ததும், விளக்கை அணைத்தபின் அந்த வாய் எங்கெல்லாம் போனது என்பதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்ப... அவரு எங்கியும் போகலிங்களா?"

"அதச் சோதிக்கற மிஷின் என்கிட்ட இல்லம்மா. கிருமி வர்றதுக்கு வீட்டுக்குள்ளயே வழி இருந்துச்சு. அவ்வளவுதான் பரிசோதனை சொல்லும்." டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "கொப்புளம் இருக்கறப்ப, சும்மா ஊறல் எடுத்தாக்கூட, ரெண்டு பேரும் தள்ளி இருங்க. ஒன்னுமே தெரியாத நாள்லயும் கொஞ்சம் தொத்தும். துண்டுலயோ கக்கூஸ்லயோ வராது. மாத்திரை அடக்கும், ஒழிக்காது. புள்ள தங்கினா இத மறக்காம சொல்லணும்."

வெளியே வந்ததும் அய்யனார் வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான். இரண்டு நாளுக்குப் பிறகு அவளிடம் வாயைத் திறந்தான். "உங்கண்ணங்கிட்ட இன்னான்னு சொல்லப் போற? ஊரக் கூட்டினவ நீதான?"

அவள் போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்தினாள்.

"சங்கராபுரத்துல டீ குடிச்சிக்கினு இருக்கோம்" என்றான் செல்லமுத்து. "அந்தாளு ஓடிட்டானா, இருக்கானா?"

"வராதண்ணா. அவரு மேல தப்பு இல்ல. டெஸ்ட்டுல தெரிஞ்சிட்டுது."

"மெரட்டினானா? பக்கத்துல நிக்கிறானா? தப்பு இல்லன்னா ஒனக்கு எப்படி வந்துது, சொல்லு?"

எப்படிச் சொல்வாள்? கூடப் பிறந்தவனிடம், பெரியவர்கள் காது கேட்க, புருஷன் வாயைப் பற்றி என்ன சொல்வாள்?

"அண்ணி வந்திருக்காங்களா? அவங்ககிட்ட குடு."

அண்ணி எழில்மதி போனை வாங்கினாள். "அண்ணி, கொஞ்சம் தள்ளிப் போயி நில்லுங்க." செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயசுதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள்: கொப்புளம், பஞ்சு, ரெண்டு வகை, உதடு, கீழே.

மறுமுனையில் செருப்புச் சத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

"அடிப்பாவி" என்றாள் எழில்மதி கடைசியில். சிரிப்பை அடக்குகிற மூச்சு கேட்டது. பிறகு தள்ளிப் பிடித்த போனில் அவள் குரல்: "ஏங்க, காரத் திருப்புங்க. பொம்பள சமாச்சாரம், நான் வூட்ல வந்து சொல்றேன். பெரியவங்களுக்கு இன்னொரு டீ வாங்கிக் குடுங்க."

ஜெயசுதா திரும்பி அய்யனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

அவள் போனை வைக்கப் போனாள்.

"இருடி, வெச்சிடாத." எழில்மதியின் குரல் தாழ்ந்திருந்தது. "உங்கண்ணனுக்கும் ஒதட்டுல வரும். நாலு வருசத்துக்கு முன்னால எனக்கும் ஒரு தடவ... நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நானே இன்னாமோ பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு கெடந்தேன்." பிறகு கேட்டாள்: "அந்த பஞ்சு டெஸ்டு, இப்ப எடுத்தா தெரியுமா?"

"இப்பத் தெரியாது அண்ணி. மறுபடி கொப்புளம் கிளம்பி, ஈரமா இருக்கறப்பவே வரணும்" என்றாள் ஜெயசுதா. அய்யனார் ஹாரன் அடித்தான். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.