மீதி அரை டின்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பதிப்பாளர் எனக்கு மெய்ப்பு அனுப்பியிருந்தார். குமரி மாவட்டத்துக்காரர்கள் எழுதிய சிறுகதைகளைத் தொகுக்கிறார்கள். அதில் என்னுடைய ‘கரி’யும் உண்டு. ஒரு வாரத்தில் பிழை பார்த்து அனுப்ப வேண்டும். பார்த்தேன். ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. மற்றபடி அச்சில் பிழை இல்லை. கதைதான் முழுக்கப் பொய்.

கதை என்றால் பொய்தானே என்று நீங்கள் சொல்லலாம். நான்கு வருடமாக நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘கரி’யில் ஒரு மெக்கானிக் வருகிறான். கோட்டாறில் பட்டறை. இஞ்சினில் படிந்த கரியைக் கரைக்க ஸ்ப்ரே அடிக்கிறான், அக்கறையில்லாமல் அடிக்கிறான். அந்தக் கார் நடுவழியில் நின்றுபோகிறது. அதில் இருந்த பெண்ணால் தன் அக்காவைக் கடைசியாக உயிரோடு பார்க்க முடியாமல் போகிறது. கதையில் அவன் பெயர் அந்தோணி. கோட்டாறில் யாரைக் கேட்டாலும் அது அல்போன்ஸ் என்று சொல்லிவிடுவார்கள். (அடையாளம் தெரியக் கூடாது என்று அந்தோணியின் இடது புருவத்தில் ஒரு தழும்பு வைத்தேன். அல்போன்ஸின் தழும்பு வலது புருவத்தில்.)

2

தொடக்கம் ஒன்று: ‘அல்போன்ஸ் சாப்பிடப் போகும்முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவான்.’

உண்மைதான், கழுவுவான். ஆனால் எடுத்த எடுப்பில் அவனை இப்படி நல்லவனாக்கிக் காட்டினால், அது நான் அவனுக்குக் கொடுக்கும் லஞ்சம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘முழுதாக எரியாத எரிபொருள் இஞ்சினுக்குள் கரியாகப் படிகிறது, மனிதனுக்குள்ளும் அப்படித்தான்—’

இதைப் பாதியில் விட்டுவிட்டேன். கரி வெறும் கரிதான். எனக்குள் இருப்பதற்கு வேறு பெயர் உண்டு.

தொடக்கம் மூன்று: ‘என் பெயர் எபிசன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன்.’

சரி, இதிலிருந்தே போகலாம்.

3

என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். பத்து வருடப் பெட்ரோல் கார். இஞ்சின் ஒழுங்காகச் சூடேறும் முன்னே பள்ளி வாசல் வந்துவிடும். இப்படியே ஓடுகிற வண்டியில் கரி சீக்கிரம் ஏறும் என்று அல்போன்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறான். அவனும் நானும் பதினொன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. நான் முதல் கார் வாங்கிய நாளிலிருந்து அவன் கையைத் தவிர வேறு கை என் வண்டியில் பட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி நடுங்கத் தொடங்கியது. நான் காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். ஒருவர் டின்னை அழுத்துகிறார், நுரை வழிகிறது, கறுத்துக் கிடந்த உலோகம் ஒரே நிமிடத்தில் பளபளக்கிறது. நானும் ஒரு டின் வரவழைத்து, அதைத் தூக்கிக்கொண்டு அல்போன்ஸின் பட்டறைக்குப் போனேன்.

“இது என்னத்துக்கு மக்கா? கழட்டித் துடைச்சா போராதா?”

“இது உள்ள வரைக்கும் போவும்லே. வீடியோல பாத்தேன்.”

“போவும். போனது வெளிய வரணும்லா?”

ஆனாலும் எனக்காகச் செய்தான். காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளிருந்த தகட்டைத் துணியில் மருந்தடித்துத் துடைத்தான். பிறகு இஞ்சினை ஓடவிட்டு என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னான். ஒரு சின்ன அடி. நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டான். இன்னொரு சின்ன அடி. பின்னால் கறுப்புப் புகை வந்தது. பாதி டின் தீர்ந்ததும் கையை எடுத்துவிட்டான்.

“மீதி கெடக்கே?”

“கெடக்கட்டும். எல்லாத்தையும் ஒரே நாளுல எளக்கப்பிடாது. ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டு, பெறவு பாப்போம். நீயா அடிச்சிராத, கேட்டியா? நிறுத்தின இஞ்சின்ல அடிச்சா உள்ள தேங்கி நிக்கும். தண்ணி மாதிரிதான், அமுங்காது. அப்பிடியே ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டனுக்க ராடு வளைஞ்சு போவும்.”

‘கரி’யில் இந்தப் பேச்சு கிடையாது.

4

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு என் மனைவி பிளஸ்ஸி கோயிலிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். வண்டியின் நடுக்கம் குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. நூறு கிலோமீட்டர் எல்லாம் ஓட்டியிருக்கவில்லை, இருபதுகூட இருக்காது.

[அல்போன்ஸ் சொன்னதை மறந்துபோய் நான்—]

மறக்கவில்லை. மெக்கானிக்குகள் நம்மைப் பயமுறுத்தித்தான் வைப்பார்கள் என்று நினைத்தேன். காற்றுக் குழாயைக் கழற்றுவது எளிது, பார்த்துவைத்திருந்தேன். இஞ்சினை ஓடவிட்டு அடிக்க வேண்டுமென்றால் உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். வீட்டில் ஆளில்லை. நிறுத்திய இஞ்சினிலேயே மீதி அரை டின்னையும் அடித்துத் தீர்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வெள்ளைப் புகை பக்கத்து வீட்டுக் கொய்யாமரம்வரை போனது. கால் மணி நேரத்தில் அடங்கி, முன்னைவிடச் சீராக ஓடியது. எனக்குச் சந்தோஷம். காலி டின்னை டிக்கியில் போட்டேன். பிளஸ்ஸி வருவதற்குள் வாடையும் போய்விட்டது.

5

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிவிட்டேன். ‘கரி’யில் இது ஐந்து பக்கம். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், மன்னியுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை. பிளஸ்ஸியின் அக்கா ஜெனின் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கிருமி ஏறி, மூன்று நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில். அம்மா இல்லாத வீட்டில் பிளஸ்ஸிக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்த அக்காதான். “சித்தி, சட்டுண்ணு வாங்க. அம்மா உங்களக் கேக்கா” என்று ஜெனினின் மகள் போனில் அழுதாள்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். வழக்கமாகப் போவதைவிட வேகமாக ஓட்டினேன். குழித்துறைப் பாலம் வருவதற்கு முன் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் நாலைந்து அடி கேட்டது. வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் ரோட்டில் எண்ணெய் கோடாகக் கிடந்தது.

அன்று கேரளாவில் பந்த். வாடகை வண்டிக்காரர்கள் எல்லை தாண்ட மாட்டோம் என்றார்கள். பஸ்ஸும் களியக்காவிளையோடு நின்றது. பிளஸ்ஸி ரோட்டின் குறுக்கே போய் நின்று வருகிற வண்டிகளைக் கைகாட்டி மறித்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பாதிரியார் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டேகாலுக்கு. ஜெனின் அக்கா இறந்தது பதினொன்று இருபதுக்கு.

பிளஸ்ஸி அங்கிருந்த நர்ஸிடம், “கடைசி வரைக்கும் ஓர்மை இருந்துதா?” என்று மட்டும் கேட்டாள். “இருந்து. வாதிலத்தான் பாத்துட்டுக் கெடந்தாவ” என்றாள் அந்தப் பெண், அறைக் கதவைக் காட்டி.

‘கரி’யின் கடைசி வரி அதுதான். பலர் அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.

6

அடக்கம் முடிந்த நாலாம் நாள். வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்து இஞ்சினைப் பிரித்துவிட்டு அல்போன்ஸ் கூப்பிட்டான். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் பிளஸ்ஸி கூடவே வந்தாள். மேசையில், வளைந்து ஒடிந்த ராடு கிடந்தது. பக்கத்தில், டிக்கியிலிருந்து எடுத்த அந்த டின்.

“மக்கா, நான் அடிச்சதுக்குப் பெறவு நீ எதாம் அடிச்சியா?”

பிளஸ்ஸி என் பக்கத்தில் நின்றாள். அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“இல்ல” என்றேன்.

அல்போன்ஸ் டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பிளஸ்ஸியைப் பார்த்தான். “செரி” என்று சொல்லி டின்னைக் கீழே வைத்தான்.

“உங்கள நம்பித்தானே அண்ணே வண்டியக் கொடுத்தோம்” என்றாள் பிளஸ்ஸி.

அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் ‘கரி’யை எழுதி முகநூலில் போட்டேன். ஏன் எழுதினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பிளஸ்ஸியின் துக்கத்துக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். வாயால் சொன்ன ‘இல்ல’வுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாயிரம் பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். எங்கள் சபைக்காரர்கள், சக ஆசிரியர்கள், அவர்களின் உறவுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக அந்தப் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார்கள். எட்டு மாதத்தில் அல்போன்ஸ் ஷட்டரை இறக்கினான்.

7

மெய்ப்பு வந்த பிறகு, ஒரு புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொட்டாரம் என்ற ஊருக்குப் போனேன். அல்போன்ஸ் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டுகிறான். மைதானத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. கடைசி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போனது நீளமான பேச்சு. வாயில் வந்தது நாலு வாக்கியம்.

“இது எனக்குத் தெரியாதா?” என்றான். “ராடக் கண்டப்பவே தெரிஞ்சுது. அரை டின்னு இருந்தது காலியாக் கெடக்கு.”

“பெறவு ஏம்லே அண்ணைக்கே சொல்லல்ல?”

“மைனி நிண்ணாளே. அக்காள அடக்கம் பண்ணி நாலு நாளு. அவளுக்கு முன்ன வச்சு உன்ன எப்பிடிக் காட்டிக்குடுக்க? வீட்டுல போயி நீயே சொல்லுவன்னு நெனச்சேன். ரெண்டு நாள் ஆவும், மூணு நாள் ஆவும், சொல்லுவான்னு பாத்தேன்.” பேப்பரை மடித்தான். “பெறவு உனக்க கதை வந்து.”

“மன்னிச்சிரு மக்கா.”

“கோயில் முற்றத்துல வச்சு எனக்க லீமாட்ட நாலு பெண்ணுவ கேட்டாளுவ. உனக்க மாப்பிளையாலயாக்கும் அந்தப் பிள்ளை கடைசியா அக்காளுக்க மொகம் காணாமப் போச்சுண்ணு. வீட்டுல வந்து எங்கிட்ட, நெசமாண்ணு கேட்டா. இல்லண்ணு சொன்னேன். பொண்டாட்டிதான், நம்பினாளா இல்லியாண்ணு இண்ணைக்கும் எனக்குத் தெரியாது.” எழுந்தான். “மைனிட்ட சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“பெறவு எதுக்குலே இங்க வந்த?”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவன் ஏறி இஞ்சினைப் போட்டான்.

8

இந்த இடத்துக்கு நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அல்போன்ஸ் என் தோளில் கைபோடுகிறான். அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் போடவில்லை.

இன்னொன்றில் கோட்டாறுப் பட்டறை மறுபடியும் திறக்கிறது. அதைக் கிழித்துப் போட்டேன். யாரோ இப்போது அங்கே மொபைல் கடை நடத்துகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ‘கரி’யைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதினேன். அன்று பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதையும் படிப்பார்கள் என்று தெரியாது. இன்று மத்தியானம், இதுவரை நீங்கள் படித்த ஏழு பகுதிகளையும் அச்செடுத்து பிளஸ்ஸியிடம் கொடுத்தேன். வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை.

அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்து, கையைக் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஐந்தாம் பகுதி முடிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மீதியையும் வாசித்தாள்.

“நான் அந்த அண்ணன்ட்ட சொன்னதயும் எழுதியிருக்கீங்க” என்றாள்.

“ஆமா.”

“நாலு வருசம், அக்காள நெனைக்கும்போதெல்லாம் நான் அந்த மனுசனையும் சேத்துச் சபிச்சேன். ஜெபத்துல இருந்துட்டுச் சபிச்சேன். உங்களுக்குத் தெரியும்லா?”

தெரியும். பக்கத்தில் முழங்காலில் இருந்தவன் நான்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அதில் எதையாவது செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“லீமாக்க நம்பர் உண்டுமா?”

அல்போன்ஸின் பழைய எண்ணுக்கு அடுத்து அது இருந்தது. கொடுத்தேன். போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். “லீமா, நான் பிளஸ்ஸியாக்கும்” என்று சொல்வது கேட்டது. பிறகு மறுபடியும் அவள் குரல், தாழ்வாக, சொற்கள் பிரியாமல்.

நாலு அடி நடந்து கதவோரம் நின்றால் எல்லாம் கேட்கும். இந்தக் கதைக்கு முடிவும் கிடைத்துவிடும்.

வீட்டை விட்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். இந்த வரிகளை மதிலோரம் நின்று கைப்பேசியில் எழுதுகிறேன். அங்கே என்ன பேசப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. அவளாகச் சொன்னாலும் எழுத மாட்டேன். உங்களில் லீமாவை அறிந்தவர்கள் இருக்கக்கூடும். அவளாக என்றாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.