டேப்பின் பூஜ்ய முனை

அமரவிளைப் பழைய செக்போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ராஜப்பனின் வீடு, வெளியாள் வந்தால் சுருங்கும். வார்டு மெம்பர் வந்தால் அரையடி, பாங்க்காரர் வந்தால் இரண்டடி. ஒருமுறை தாலுகா ஆபீசிலிருந்து நான்கு பேர் சேர்ந்து வந்தபோது, அவர் மனைவி விலாசினி மரச்சீனிக் கிழங்குப் பானையோடு வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டாள். ஆட்கள் போனதும் வீடு மூச்சு விட்டுப் பழைய அளவுக்கு வரும். ராஜப்பனும் யார் முன்னாலும் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறவர் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொத்தனாருக்குக் கையாளாக இருபத்தெட்டு வருடம். பூவார் ரிசார்ட்டுகள் முதல் ஒற்றசேகரமங்கலம் வரை அவர் டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்து நிற்காத சுவர் குறைவு. எண் வாசிக்கிற முனை எப்போதும் வேறு யார் கையிலாவது இருக்கும்.

அவர் மகள் ஆர்யா பிளஸ் டூ முடித்ததும் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்றாள். பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது ஒரே அறிவுரை, நர்சிங், கேட்காவிட்டாலும் சொல்வோம். சாயாக்கடை ரெத்தினதாஸ், “எலே ராஜப்பா, ஆர்க்கிடெக்டுன்னா எஞ்சினியருக்க கையாளா? அதுக்கு வீட்டுல நீ ஒருத்தன் போதாதா?” என்றார். நாங்களும் சிரித்தோம், அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் சில ஆர்க்கிடெக்டுகள் சேர்ந்து, இந்தத் தொழிலுக்கு இதுவரை ஒருவரும் போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் ஐந்து வருடப் படிப்புக்குத் துணையும் தருவதாக அறிவித்திருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: குடியிருக்கும் வீட்டை அளந்து வரைந்த பிளான். ஷியாமளா என்கிற ஆர்க்கிடெக்ட் நேரில் வந்து சரிபார்ப்பார். அளவு பொருந்தாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

ஆள் வரப்போகிற செய்தி வீட்டுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னறை காலையில் பன்னிரண்டடி, உச்சிக்குப் பதினொன்றரை. அடுப்படியில் குனிந்த விலாசினி நிமிரும்போது முன்னறையில் இருந்தாள். ஆர்யா பதினோரு நாள் அளந்து அழித்ததில் ரப்பர் புளியங்கொட்டை அளவானது. உதவிக்குப் போன, இதை எழுதுகிற சரித்திரக்காரன் இரண்டு தடவை அளந்து மூன்று விடை சொன்னான்; அந்தப் பழியை வீட்டின் மேல் போட முடியாது. “என்னால வந்த கேடாக்கும் மக்கா, நீ நர்சிங்குக்கே போ” என்றார் ராஜப்பன். மூவரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது மட்டும் முன்னறை அசையாமல் பன்னிரண்டேகாலில் நின்றது. ஆர்யா அதையே மையால் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஷியாமளா செருப்பைக் கழற்றுவதற்குள் நிலைப்படி காது உயரத்துக்கு இறங்கிவிட்டது. எல்லோரையும்போல அவரும் டேப்பின் பூஜ்ய முனையை ராஜப்பனிடம் நீட்டினார். ராஜப்பனும் வழக்கம்போல வாங்கிக் குனிந்தார். பத்தடி இரண்டு இஞ்ச். ஷியாமளா பிளானைப் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார். ஆர்யா அப்பாவின் கையிலிருந்து முனையைப் பிடுங்கினாள்.

“அப்பா, அந்தப் பக்கம் போய் நீங்க வாசியுங்க.”

“அது மேடம் பிடிக்கியதாக்கும், மக்கா.”

“இன்னைக்கு நீங்க.”

ஷியாமளா டேப்பைக் கொடுத்தார். ராஜப்பனிடம் கண்ணாடி இல்லை. எண் தெரிய வேண்டுமானால் கையை நீட்டி, முதுகை நிமிர்த்தி, தலையைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. நிலைப்படி மேலே போனது. “பன்னிரண்டேகால்!” என்று பஸ் கண்டக்டர் குரலில் கத்தினார். அதோடு நிற்கவில்லை, அடுப்படி, ஜன்னல், கடைசியில் பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் வாசித்தார். ஷியாமளா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கான்ட்ராக்டர்கள் கட்டுகிற கட்டிடம் இதைவிட அதிகமாகச் சுருங்குவதைப் பார்த்தவராம்.

ஆர்யா இப்போது திருவனந்தபுரத்தில் மூன்றாம் வருடம். சனிக்கிழமைதோறும் வீடு பஸ் ஸ்டாப் பக்கமாக இரண்டடி நீண்டு நிற்கிறது. ரோட்டு எல்லையில் ஏறுகிறதென்று புகார் போய், பஞ்சாயத்து ஆள் ஒருவர் வந்து பூஜ்ய முனையை ராஜப்பனிடம் நீட்டினார். “அத நீங்க பிடியுங்க சாரே, நான் வாசிக்கியேன்” என்றார் ராஜப்பன். வீடு அசையவில்லை. இரண்டடி கூடுதல் என்று அவரே வாசித்தார். ஞாயிறு சாயங்காலம் பிள்ளை பஸ் ஏறியதும் உள்ளே போய்விடும் என்றும் சொன்னார். பஞ்சாயத்து ஆள், ‘சனி, ஞாயிறு மட்டும்’ என்று எழுதிக்கொண்டு சாயா குடிக்கப் போனார்.