சுசானுக்கு இலை போட்டவர்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பக்கம், ரூ காய் என்ற தெருவில் குணரத்தினத்தின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருக்கும் மேரிறோஸ், எனக்குக் கொத்துரொட்டி கட்டித் தரும்போது சொன்னது. அவள் காரைக்கால்காரி, அம்மாவைத் தவிர சொந்தபந்தமெல்லாம் இங்கே புறநகரில், கார்ஜ் லே கொனெஸில். நானும் குணரத்தினமும் யாழ்ப்பாணம். "எழுதுங்க. ஆனா அழுமூஞ்சியா எழுதாதீங்க. நாங்க ஜெயிச்சோம்" என்று நிபந்தனை வேறு போட்டாள்.

ஆகவே கம்பீரமாகத் தொடங்கினேன்:

'கப்பலிலிருந்து இறங்கிய சுசானின் வெண்பாதம் காரைக்கால் மணலில் பட்டதும், கடல் ஒரு கணம்…'

(கைவிடப்பட்டது. மேரிறோஸ் படித்துவிட்டு, "பாதத்தை யாரு பார்த்தா? பூட்ஸ் போட்டிருப்பா" என்றாள்.)

2

சரி, பூட்ஸ் போட்ட சுசான். பிரான்சின் வடமேற்கு மூலையில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகள். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புருசனோடு வந்து குடியேறினாள். மூன்று பிள்ளைகள். புருசனைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. மூட்டையைக் கட்டுவாள் என்று ஊரே எதிர்பார்க்க, அவளோ புருசனின் நீலச் சாயப் பட்டறையை எடுத்து நடத்தினாள். பட்டறையின் தமிழ் மேஸ்திரியோடு குடும்பமும் நடத்தினாள். நான்காவதாக லூசி பிறந்தாள்.

எனக்கு இவளைப் பிடித்துப்போயிற்று. அதுதான் சிக்கல். சாயத் தொட்டிக்குள் நின்று தண்ணீரை அடித்த கூலிகளின் கால்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. சுசானின் கால்கள் அப்படி ஆகவில்லை. இதை எழுதாமல் விட்டால் நான் கதைக்காரன் அல்ல, அவளுடைய வக்கீல்.

சுசான் செத்ததும் மூத்தவர்கள் மூவரும் பட்டறையை விற்றுவிட்டு பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். லூசியை ஒரு பேச்சுக்குக்கூட அழைக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது தாயின் கல்லறை மட்டும்தான். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அதைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றினாள். அவளுக்குப் பிறகு அவள் மகள் செய்தாள். அவள் வழியில் வந்து, காரைக்காலிலேயே தங்கிவிட்ட மேரிறோஸின் அம்மா இன்றைக்கும் செய்கிறாள்.

3

2013இல் ஒதில் என்ற வெள்ளைக்கார அம்மா கடைக்கு வந்தார். சுசானின் வம்சம் முழுவதும் ஒன்றுகூடி விருந்துண்ணப் போகிறதாம். பிரெஞ்சுக் குடும்பங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. மூன்று பிள்ளைகள் வழியே மூன்று கிளைகள், கிளைக்கொரு நிறத்தில் சட்டை. மண்டபம் லா சப்பலிலேயே. "எங்கள் மூதாட்டியின் நினைவாகச் சாப்பாடு. உங்கள் முறைப்படியே செய்யுங்கள்" என்றார்.

பெயரைக் கேட்டதும் மேரிறோஸ் ரசீது எழுதுவதை நிறுத்தினாள். "மதாம், நானும் அவங்க வம்சம்தான். நாலாவது கிளை."

ஒதில் மரியாதையாகச் சிரித்தார். "அங்கே முதலாளியின் பெயரை வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய இருந்தன, மதாம்."

இந்த இடத்தில் மேரிறோஸ் கதறி அழு…

(இல்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "மெர்சி" என்று நன்றி சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் முடிவு செய்துவிட்டாள். அந்த விருந்தில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும். பரிமாறப் போகிறவளாக அல்ல, வீட்டுக்காரியாக.)

4

மூதாட்டியின் நினைவாகச் சாப்பாடு என்றால், குணரத்தினத்துக்கு அது திவசம். எங்கள் ஊர்ச் சைவக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? விருந்தன்று, கோழியும் மீனும் எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால் பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயாசம். ஒதிலின் முகம் சுருங்கிவிட்டது.

பரிமாற வந்திருந்த மேரிறோஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, கோழி எங்கே?"

"செத்த மனிசிக்குச் செய்யிற சமையலிலை கோழியோ? விசரே பிள்ளை உனக்கு?"

அத்தோடு விட்டாரா? ஒரு தலைவாழையிலையை விரித்து, ஒருத்தரும் கரண்டியைத் தொடக்கூடாது என்று மறித்து நின்றார். "முதல்லை அவவுக்குப் படைக்கோணும். வருசா வருசம் அவவுக்குச் செய்யிறது இஞ்சை ஆர்? அவை வந்து போடட்டும். கேள் பிள்ளை."

மேரிறோஸ்தான் பிரெஞ்சில் கேட்டாக வேண்டும். கேட்டாள். சிவப்புச் சட்டைக்காரர்கள் பச்சைச் சட்டைக்காரர்களைப் பார்த்தார்கள். பச்சை மஞ்சளைப் பார்த்தது. அந்தக் கல்லறையைக் கண்ணால் கண்டவர்கூட அங்கே இல்லை.

பதிலையும் அவளே சொன்னாள்.

"நாங்கதான்."

சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றை அள்ளி இலையில் வைத்தாள். (கத்தோலிக்கர் இப்படி இலை போட்டுப் படைப்பார்களா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம்?) குணரத்தினம் தள்ளி நின்று வழிவிட்டார்.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன்.

(அ) ஒதில் ஓடிவந்து மேரிறோஸைக் கட்டிக்கொண்டார். (இதைப் படித்துவிட்டு, "சினிமா" என்று அடித்துவிட்டாள்.)

(ஆ) ஒதில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று… (இதையும் அடித்துவிட்டாள்.)

நடந்தது இதுதான். மேரிறோஸ் ஏப்ரனைக் கழற்றாமலே நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். போனை எடுத்து கார்ஜுக்கு அழைத்தாள். "எல்லாரும் கிளம்பி வாங்க. பசங்களையும் கூட்டிட்டு வாங்க. நம்ம வீட்டு விருந்து."

வந்தார்கள்! அத்தைமார், மருமக்கள், ஏன் வந்தோம் என்று பிரெஞ்சில் முனகும் பிள்ளைகள், ஆளுக்கொரு நிறத்தில். இந்த வரியை எழுதும்போது எனக்கே பெருமை பொங்குகிறது. மறைக்க மாட்டேன்.

அவர்கள் உள்ளே நுழைய, ஒதில் எழுந்து நின்றார். வரவேற்கவா, தடுக்கவா? அதை எழுத எனக்கு மனமில்லை. வாசகரே, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படித்தான் விடப்போகிறேன் என்று சொன்னபோது மேரிறோஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"தாராளமா முடிவு பண்ணட்டும். அதுக்குள்ள நாங்க உட்கார்ந்து, பாயாசமும் குடிச்சி முடிச்சிட்டோம்."