சுளிக்காத நெற்றி

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த பெரியவரின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். பல் டாக்டருக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவள், வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கப் பழகியவள். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உதடு வெளுத்துவிட்டது, காதோரம் வியர்வை வழிந்தது. அவளுடைய ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கை அவர் கன்னத்தை விலக்கிப் பிடித்திருந்தது. அவள் நெற்றியைச் சுளித்தாள்.

அந்த அறையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர்களுக்குக் காதில் மட்டும் எட்டு ஊர்ச் சத்தமும் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் “ஐயோ, ரத்தம்” என்று சொல்லித் தொலைக்க, படுத்திருந்தவர் துள்ளி எழுந்து நாக்கைக் கிழித்துக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. முகமூடிக்கு மேலே மிச்சமிருப்பது நெற்றிதானே, அதுவே போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு மறுபடி பல்லைப் பிடித்தார்.

அப்போதுதான் அவளுக்குத் தன் நெற்றியில் குத்திக்கொண்ட ஊசி ஞாபகம் வந்தது. போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஊரார் பல்லுக்காகச் சுளித்துச் சுளித்தே புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. கடைக்குப் போனால், “என்னக்கா, யார் மேல கோவம்?” என்பார்கள். அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டாள். மகளின் தோழி, “உங்கம்மா எப்பவும் சிடுசிடுன்னுதான் இருப்பாங்களா?” என்று கேட்டது காதில் விழுந்ததைத்தான் தள்ள முடியவில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் போய் நெற்றித் தசையை அசையவிடாத போடாக்ஸ் ஊசியை ஐந்து இடத்தில் குத்திக்கொண்டு வந்தாள். இன்று காலை கண்ணாடியில் கோடுகளைக் காணோம். சந்தோஷத்தில் பஸ்ஸைக்கூடத் தவறவிட்டாள். வேலையை ஒரு நொடி நினைத்துப் பார்த்திருக்கலாம், பாவி.

இன்னொரு முறை, தலை வலிக்கும் அளவுக்குச் சுளித்தாள். நெற்றி பூசிய சுவராக நின்றது. டாக்டரம்மா மறுபடி பார்த்தார், மறுபடி குனிந்தார். பெரியவரின் கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது. கத்த வேண்டும் என்று தெரிந்தது, பத்தொன்பது வருடப் பழக்கம் விடவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தாள்.

“நிறுத்துங்க டாக்டர்.”

நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, பெரியவர் கண் திறப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. “எந்த ஸ்டாப்பு இது?” என்று கேட்டார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

அவரை மகனோடு அனுப்பிவிட்டு டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார்.

“ரெண்டு தடவ உன்னப் பாத்தேனேம்மா. சுளிச்சியா?”

“சுளிச்சேன் டாக்டர்.”

“எனக்குத் தெரியலையே. கண்ணு போச்சு போல. மூணு மாசமாவே சந்தேகம்தான்.” பழியை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். “இனிமே நான் பல்லு புடுங்கக் கூடாதும்மா.”

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊசியின் வேகம் மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இந்த நாற்காலிப் பக்கம் இனி யார் அவளை விடுவார்கள்? இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்துக் காத்திருந்தவள், எட்டு வயதுச் சிறுமி, கன்னத்தைப் பிடித்தபடி காலாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் துடைத்தார்.

அவள் முகமூடியைக் கழற்றினாள்.

“உங்க கண்ணுல ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றாள். டாக்டரம்மாவின் விரலைப் பிடித்துத் தன் புருவங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

“இப்ப சுளிக்கிறேன், பாருங்க.”

விரல் காத்திருந்தது. அதற்கடியில் எதுவும் அசையவில்லை. எதிரே, டாக்டரம்மாவின் நெற்றியில் மெல்ல இரண்டு கோடுகள் விழுந்தன.