அறுபத்து மூன்றாம் ஆள்

நூன் ஷோவில் ‘ஏ’ படம் பார்க்க வரும் ஆண்கள் என்ன எதிர்பார்த்து வருகிறார்கள் என்பதுதான் மீராவின் பிஎச்டி ஆராய்ச்சி. இரண்டாயிரத்து ஒன்றில், கேரளத் தலைநகரின் தம்பானூர்ப் பக்கத்துத் தியேட்டர் வாசல்களில் நின்று, தபால்தலை ஒட்டிய உறையோடு இருநூறு கேள்வித்தாள்களைக் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம். திரும்பி வந்தவற்றுக்கு நம்பர் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் படிப்பாள்.

அவள் கணவன் சுந்தரராமன், அரசு ஆபீஸில் ஹெட்கிளார்க். அவனுக்கு வயிறெரிந்தது. எவனெவனுடைய ஆசையையோ இத்தனை கவனமாகப் படிக்கிறாளே, கல்யாணமான ஆறு வருஷத்தில் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பாளா?

ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு கேள்வித்தாளை உறையோடு எடுத்துப்போய், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கையெழுத்து தெரியாமலிருக்க ஆபீஸ் மலையாள டைப்ரைட்டரில் பதில் அடித்தான். ‘பார்த்ததைப் பற்றி மனைவியிடம் பேசியதுண்டா?’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு அடித்தான்: ‘இல்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வெட்கம். தெரிந்துகொள்ளத்தான் இரண்டு தடவை படத்துக்குப் போனேன். தெரியவில்லை.’ அதே உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தான்.

நாலாம் நாள் மீரா ஓடிவந்தாள்.

“ஏன்னா, இந்த அறுபத்து மூணாம் நம்பரைக் கேளுங்கோ! மத்தவாள்லாம் வீம்பு பேசியிருக்கா. இவன் ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்லியிருக்கான்.”

அந்தப் பதிலை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஒரு வாரம் அவனைப் பற்றியே பேச்சு. சுந்தரராமன் பொருமினான். அவள் உருகியது தன்னை நினைத்து இல்லையே! தான் எழுதி உண்டாக்கிய ஆள் மேல் தனக்கே பொறாமை பற்றிக்கொண்டது.

“அவனைப் பாக்கணும்னு இருக்கோ நோக்கு?”

“இருக்கு. ஒரே ஒரு தடவை.”

“பாத்துக்கோ. நான்தான்.”

மீரா சிரித்தாள். அவன் அந்தப் பதிலை வரி பிசகாமல் ஒப்பித்ததும் முகம் சிவந்துவிட்டது.

“என் ஆராய்ச்சியில கள்ளத்தனமா? சொந்த ஆம்படையான் பேப்பரை நான் எப்படிச் சேர்ப்பேன்?”

சிவப்பு மசியால் அதைக் குறுக்கே அடித்தாள். மற்றக் கேள்வித்தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எங்கிட்டக் கேக்கணும்னா பேப்பர் எதுக்கு? கேளுங்கோ.”

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று திக்கித் திணறிக் கேட்டான். அவள் சொன்னதில் பாதி அவனுக்கு வலித்தது. ஆனாலும் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டான்.