பயனாளி கடலில் இருக்கிறார்

பெங்களூரில் கடல் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். பரிசோதனைப் படிவத்துக்கு மட்டும் அது தெரியாது. கடலோரத் தொழிற்கூடங்களுக்கென்று அச்சடித்ததையே பீன்யாவில் லாவண்யா நடத்தும் ரப்பர் பட்டறைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார் வெங்கடசுப்ரமணியன். தொழில்துறையில் அதிகாரி, ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம்.

"சுனாமி வந்தா ஓடறதுக்கு வழி இருக்கா?"

லாவண்யா மாடிப்படியைக் காட்டினாள். அவர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு டிக் போட்டார். சிரிக்கவில்லை. தான் சிரித்தால் பதினொரு பேர் பிழைப்பு போய்விடுமே என்று லாவண்யாவும் சிரிக்கவில்லை.

அவள் செய்வது உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். மீன்பிடிப் படகின் என்ஜினுக்குக் கடல்நீரை இழுத்துக் கொடுத்து, அது சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். இப்போதைய ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் உரிமையாளர். கடல் தொழிலுக்குப் பொருள் செய்பவர்களுக்கு மாநில அரசு தொழிற்பேட்டையில் இடம் தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தாள். அமைச்சர் மேடையேறி அறிவித்த திட்டம்தான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே! அறிக்கையை இணையத்தில் ஏற்ற இன்று மாலை ஐந்தரைதான் கெடு.

"பதினேழாவது கேள்வி. பொருளை உபயோகிக்கிற பயனாளி ஒருத்தர் போன்லயாவது உறுதிப்படுத்தணும். யார் இருக்கா?"

"மல்பே துறைமுகத்துல கருணாகர்னு படகுக்காரர் சார். போன மாசம் மாட்டினாரு."

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது கன்னடப் பெண்குரல்.

"கடலுக்குப் போயிருக்காரு சார். பத்து நாள் ஆகும். இன்னிக்கு ஆறாவது நாள்."

"செத்த கரைக்கு வந்து பேசச் சொல்லுங்கோளேன்."

"போன் கிடைக்கலைன்னாலே என்ஜின் நல்லா ஓடுதுன்னுதான் சார் அர்த்தம். ரிப்பேருன்னா இந்நேரம் திரும்பி வந்திருப்பாரு. போனும் எடுத்திருப்பாரு."

வெங்கடசுப்ரமணியன் நேர்மையான மனிதர். அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"நியாயம்தான். ஆனா ஃபார்ம்ல அதை எழுத இடம் இல்லையே. வேற யாராவது?"

"இன்னும் ஆறு படகுல மாட்டியிருக்கு. அவங்களும் கடல்லதான் சார்."

சக்கரங்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. "அல்சூர் ஏரில மீன் புடிக்கிறவரு எனக்குத் தெரிஞ்சவருதான். கூப்பிடட்டுமா சார்?"

"அவர் படகுல என்ஜின் இருக்கா?"

"பரிசல் சார்."

"அப்போ வேண்டாம்மா," என்றார் அவர், மெய்யான வருத்தத்தோடு.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாவண்யா முயன்றாள். எல்லைக்கு வெளியே என்று கேட்கும்போதெல்லாம் இடம் போகிறதே என்று மனம் பதைக்கும். சக்கரம் சுற்றுகிறது என்று உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

ஐந்து பத்துக்கு அவள் போன் அடித்தது. கருணாகர்.

"வந்துட்டார்! ஸ்பீக்கர்ல போடுங்கோ!" என்று அதிகாரி எழுந்தே விட்டார். லாவண்யா ஸ்பீக்கரை அழுத்தியபடியே யோசித்தாள். ஆறாம் நாள் இவருக்குக் கரையில் என்ன வேலை?

அதிகாரி கன்னடத்தில் கேட்டார். இந்தக் கம்பெனி இம்பெல்லரை உபயோகித்தீர்களா?

உபயோகித்தேன், அதனால்தான் திரும்பி வந்தேன் என்றது குரல்.

"உபயோகிச்சார். ஆச்சு," என்று டிக் போட்டார் அதிகாரி.

லாவண்யா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக் கேட்டாள். நான்காம் நாள் ரப்பர் இதழ்கள் கிழிந்து என்ஜினில் புகை வந்திருக்கிறது. திறந்து பார்த்த அவர் தம்பியின் கை ஆவியில் வெந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க எட்டுப் பேரோடு படகு அலை போன போக்கில் மிதந்திருக்கிறது. வழியில் வந்த படகொன்று கட்டி இழுத்து வந்திருக்கிறது.

"சார், கிழிஞ்சிடுச்சாம். அதையும் எழுதுங்க."

"நன்னா வேலை செய்யறதான்னு கேள்வியே இல்லையேம்மா. இல்லாத கேள்விக்குச் சும்மா பதில் எழுதப்படாது." ஐந்து இருபதுக்கு அறிக்கையை ஏற்றினார். "உங்களுக்கு இடம் கிடைச்ச மாதிரிதான்," என்று மனதார வாழ்த்திவிட்டுப் படியிறங்கினார்.

கருணாகர் இன்னும் இணைப்பில் இருந்தார். மற்ற ஆறு படகும் எங்கே என்று லாவண்யா கேட்டாள். ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார்கள், வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்க்கிறேன், தூரம் என்றால் கேட்காது என்றார். ஏழும் ஒரே நாளில், ஒரே கலவையில் வார்த்த சக்கரங்கள்.

வெளியே சொர்ணம் எல்லோரிடமும் இடம் கிடைத்த சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ கை தட்டினார்கள். லாவண்யா அந்த ஆறு படகுக்காரர்களில் முதலாமவர் எண்ணை அழுத்தினாள். எல்லைக்கு வெளியே என்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அது அவளுக்கு நல்ல செய்தி.

அடுத்த எண்ணை அழுத்தினாள்.